மேற்குப் பக்கத்து அடுப்பங்கரை

786
பினாங்கு
4-2-1957

அன்பு மனைவி ஜொஹரா பீவிக்கு ஜெகபர் அலி எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கும் மகள் ரமீஜாவின் சுகத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் முழங்கால் வலிக்குத் தைலம் ஒன்று ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் தேய்க்கவும்.

உன் வாப்பா உனக்குக் கொடுத்த வீடு புயலில் போய் பதினாலு மாதம் ஆகிறது. நீயும் மகளும் கீற்றுக் கொட்டகையில் கிடப்பதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. ரமீஜாவுக்கும் வயது பதினாறாகிறது. நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு எழுதி வைத்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் திறக்க முடியும். ஆகவே இந்த வருஷமே கட்டி முடித்துவிடுவோம்.

நானே உட்கார்ந்து, டீப்பெட்டித் தாளில் நீலப் பென்சிலால் பிளான் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தெருவைப் பார்த்து முன்கட்டு அறை. அது எனக்கு. நான் வரும்போது நாலு ஆண்கள் வந்து உட்கார்ந்து பேசலாம். அதன் பின்னால் கூடம், கூடத்தின் நடுவே கிணற்றடி வரைக்கும் ஒரு சுவர். கிழக்கே ஓர் அறை, ஓர் அடுப்பங்கரை. மேற்கேயும் அவ்வாறே. அளவெல்லாம் அடி, அங்குலம் போட்டு எழுதியிருக்கிறேன். கருப்பன் கொத்தனாரிடம் கொடுத்து அப்படியே கட்டச் சொல். ஓர் அங்குலமும் மாற்ற வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஜெகபர் அலி

*

786
கோட்டைப்பட்டினம்
1-3-1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு ஜொஹரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகளும் நல்ல சுகம். தாங்களும் நோய் நொடி இல்லாமல் இருக்க இறைவன் உதவி செய்வானாக. தைலம் வந்தது. வலி குறையவில்லை, ஆனால் கொட்டகை முழுக்க மணக்கிறது.

பிளானும் வந்தது. மனையில் நூல் பிடித்தாகிவிட்டது. கருப்பனை உங்களுக்குத் தெரியுமே, வாயைத் திறந்தால் மூடமாட்டார். நான் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அளவைப் படிக்கப் படிக்க, அவர் வெளியே மட்டக்கோலை வைத்து ஆணி அடித்தார். மேற்கு அடுப்பங்கரைக்கு வந்ததும் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஆத்தா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு அடுப்பங்கரை ரெண்டு பொம்பளப்புள்ள இருக்கிற வூட்டுக்குத்தானே போடுவாங்க? ஒங்களுக்கு ஒரே புள்ளதானே?" என்றார்.

ஐம்பதாம் வருஷம் பிறந்து பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளையை நீங்களும் மறக்கவில்லை, அவளுக்கும் ஒரு பங்கு கோடு போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். கருப்பன் பாவம், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வெற்றிலைகூடப் போடாமல் போனார்.

அழுது முடித்த பிறகு தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இல்லாத பிள்ளைக்கு யாராவது அடுப்பு வைப்பார்களா, மச்சான்? அடுப்பு சோறு பொங்குகிற ஆளுக்குத்தானே வைப்பது. அதனால் கேட்கிறேன். மேற்கு அடுப்பங்கரையில் சமைக்கப்போவது யார்? மீமிசலில் இருக்கிற உங்கள் அக்காவைக் கொண்டுவந்து குடி வைக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் நாக்குக்கு நடுச்சுவர் ஒன்று பத்தாது.

ரமீஜா சலாம் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
ஜொஹரா

*

786
பினாங்கு
20-4-1957

ஜொஹராவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு இருபதைத் தொட்டுவிட்டது. பகலெல்லாம் கடையில் நின்று மாலையில் கஞ்சி குடிக்கும்போது உன் கைக் கஞ்சி நினைவு வருகிறது. நீயும் மகளும் நோன்பைக் குறையில்லாமல் முடிக்க அல்லாஹ் தெம்பைக் கொடுப்பானாக.

அக்கா வரவில்லை. அந்தக் கவலையை விடு. ஓர் அடுப்பங்கரை அன்றாடச் சமையலுக்கு. மற்றது கல்யாணம், கந்தூரி போன்ற விசேஷங்களுக்கு. நாளைக்கு மாப்பிள்ளை வந்து தங்குகிற வீட்டில் வசதி வேண்டாமா? இங்கே பெரிய மனிதர்கள் வீடுகளில் எல்லாம் இப்படித்தான் வைக்கிறார்கள். கொத்தனார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

மேற்கு அறைக்குத் தரை சிமெண்டு வேண்டாம். பலகை போடச் சொல். மரம் காரைக்குடியில் எடுத்துக்கொள்ளலாம். சிமெண்டுத் தரை உடம்புக்குக் குளிர்ச்சி.

பெருநாளைக்கு ரமீஜாவுக்கு உடுப்பு எடுத்துக் கொடு.

வஸ்ஸலாம்.
ஜெகபர் அலி

*

786
கோட்டைப்பட்டினம்
12-5-1957

மச்சான் அவர்களுக்கு சலாம்.

சுகம். தாங்களும் சுகமாக இருக்க வேண்டும். பெருநாள் நல்லபடியாகப் போனது. சுவர் இடுப்பு மட்டம் வந்துவிட்டது.

இடுப்பு மட்டத்துக்குச் சுவர் வந்தால் ஒரு நல்லது. வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். நேற்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வேலையாட்கள் போனதும் நானும் ரமீஜாவும் உள்ளே போனோம். கையில் உங்கள் தாள், ஒரு முழக்கயிறு. நான் படித்தது ஐந்தாவதுதான், இருந்தாலும் முப்பத்தைந்து வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தவள். எந்தச் சுவர் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

முதலில் விசேஷ அடுப்பங்கரை. அதன் கதவு இரண்டே கால் அடி. கந்தூரி அண்டா மூன்றடிக்குக் குறைவில்லை. கதவிலேயே நுழையாத அண்டாவை வைத்து என்ன விசேஷம் செய்வது? அடுப்பு மேடையும் இரண்டு சின்னச் சட்டி வைக்கிற அளவுதான். ஒரு ஆளுக்குச் சோறும் மீனும் ஆக்கலாம். மிஞ்சினால் இரண்டு ஆள்.

அடுத்து பலகைத் தரை. இந்த ஊரில், சித்திரை வெயிலில், சிமெண்டு குளிர்கிறது என்று சொன்ன ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாம் குளிர்ச்சிக்குத்தானே தரையில் படுக்கிறோம். பலகையில் நடந்தே வளர்ந்த ஆளுக்குத்தான் சிமெண்டு ஒத்துக்கொள்ளாது.

அடுத்து ஜன்னல். நம் தெருவில் ஜன்னல் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. நீங்கள் மேற்கு அறைக்குக் கொல்லையைப் பார்த்துப் போட்டிருக்கிற ஜன்னல் தரையிலிருந்து ஓரடி. அதன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கிணறு, முருங்கை மரம், அதற்கு அப்பால் கொஞ்சம் கடல் எல்லாம் தெரிந்தது. நல்லாத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் தரையில் உட்காருகிற ஆள் இல்லை, நாற்காலி. எனக்கு முழங்கால் மடங்காது. அப்படியானால் அங்கே உட்கார்ந்து கடலைப் பார்க்கப் போவது யார்?

வாடகைக்கு ஆள் வைக்கிறீர்களோ என்று நினைத்தேன். வாடகைக்கு வருகிறவனுக்கு இவ்வளவு அக்கறையாக யாரும் ஜன்னல் வைக்க மாட்டார்கள்.

இந்த மனை என் வாப்பா எனக்குக் கொடுத்தது. இதில் எழும்புகிற வீடு என் மகளுக்கு. அதில் பாதியை யாருக்கு வெட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

ஜொஹரா

*

786
பினாங்கு
30-7-1957

ஜொஹராவுக்கு சலாம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கடையில் வேலை அதிகம். இந்த நாட்டுக்கு அடுத்த மாதம் சுதந்திரம் வருகிறது. யார் இருப்பது, யார் போவது, யாருக்கு எந்தப் பாஸ்போர்ட் என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. இங்கே மழையும் விடாமல் பெய்கிறது. பக்கத்துக் கடையில் தண்ணீர் புகுந்து பத்து மூட்டை அரிசி வீணாகிவிட்டது.

நீ வீணாக மனதைக் குழப்பிக்கொள்கிறாய். ஒரு வீடு என்றால் நாலு விதமாகத்தான் இருக்கும். நான் ஊர் ஊராகப் பார்த்தவன். யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

மேற்கு அறையில் கண்ணாடி வைக்கிற மாடம் மூணே முக்கால் அடியில் வர வேண்டும். கொத்தனார் தன் இஷ்டத்துக்கு ஏற்றி வைத்துவிடுவார். பார்த்துக்கொள்.

மகளுக்கு துஆ.

ஜெகபர் அலி

*

786
கோட்டைப்பட்டினம்
20-8-1957
(விமானத் தபால்)

மச்சான் அவர்களுக்கு சலாம். நாங்கள் சுகம்.

இரண்டரை மாதம் காத்திருந்து வாங்கின கடிதத்தில் பக்கத்துக் கடை அரிசி மூட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்குப் பதிலைத் தேடினேன். தாளின் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

மாடம் நீங்கள் சொன்ன உயரத்திலேயே வைத்தாகிவிட்டது. கருப்பன் அதையும் சும்மா விடவில்லை. "ஆத்தா, இது குட்டையாவுல்ல இருக்கு. ஆளு குனிஞ்சில்ல தலை சீவணும்" என்றார். ரமீஜாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடியில் அவளுக்குக் கழுத்தும் சங்கிலியும்தான் தெரிந்தது. முகம் தெரியக் குனிய வேண்டியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

கண்ணாடி மாடத்தை வாய்க்கு வந்த உயரத்தில் யாரும் எழுதமாட்டார்கள். மூணே முக்கால் அடி என்று துல்லியமாக எழுத வேண்டுமானால் யாரையோ நிறுத்தி வைத்து அளந்திருக்க வேண்டும். நம் ரமீஜாவை நீங்கள் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. நீங்கள் அளந்தது அவளை இல்லை.

அது போகட்டும். ஒரு செய்தி சொல்லத்தான் விமானத் தபாலில் எழுதுகிறேன். சிமெண்டு பர்மிட்டுக்கு அறந்தாங்கி தாலுகா ஆபீசில் கேட்டதில் பாதிதான் கிடைக்குமாம். கருப்பன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டுக் கிழக்கை மட்டும் முடித்துவிடலாம் என்கிறார். ஒரே மகளுக்கு அது தாராளம். மேற்குச் சுவரை அப்படியே விட்டு, உள்ளே வாழை போட்டுவிடுகிறேன். உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.

ஜொஹரா

*

786
பினாங்கு
31-8-1957
(விமானத் தபால்)

ஜொஹராவுக்கு சலாம்.

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இன்று இங்கே சுதந்திரம். ஊரெல்லாம் கொடியும் வாத்தியமுமாக இருக்கிறது. நான் கடை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேற்குப் பக்கத்தை விட்டுவிடாதே. சிமெண்டு பத்தாவிட்டால் என் முன்கட்டு அறையை விட்டுவிடு. அது எனக்கு வேண்டாம். கிழக்கே தளத்தைக் குறைத்து ஓடு போட்டுக்கொள். முன்வாசல் படி வேண்டாம். மதில் வேண்டாம். மேற்கு மட்டும் எப்படியாவது முடிய வேண்டும். உன் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்.

வாழை போட்டுவிடாதே.

ஜெகபர் அலி

*

786
கோட்டைப்பட்டினம்
14-9-1957

சலாம்.

என் மற்றக் கடிதங்களுக்கு ஐம்பது நாளும் எண்பது நாளும் எடுத்துக்கொண்டவர், இதற்கு ஒரே நாளில் எழுதியிருக்கிறீர்கள்.

சிமெண்டு பர்மிட்டெல்லாம் முழுதாகக் கிடைத்து மூட்டைகள் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. நான் சொன்னது பொய். அல்லாஹ் என்னை மன்னிப்பான். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஆண்பிள்ளை தனக்கென்று கேட்ட அறையை வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு அறைக்காகக் கையைப் பிடிக்கிறான் என்றால் அந்த அறை யாருக்கு என்று எனக்கு இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த மாடத்து உயரப் பிள்ளையின் பெயர் என்ன? வயது என்ன? அவளைப் பெற்றவளும் சேர்ந்து வருகிறாளா?

பதில் வரும்வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டேன். சுவர் கதவுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நிற்கிறது.

ஜொஹரா

*

786
கோட்டைப்பட்டினம்
2-12-1957

சலாம்.

கடிதம் போட்டு இரண்டரை மாதம் ஆகிறது. மழை நின்று பெய்கிறது. தளம் இல்லாத வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேற்கு, கிழக்கு என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது. கருப்பன் நாள்தோறும் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார். "எம்புட்டு நாளைக்கு ஆத்தா நனைய விடுறது?" என்று கேட்கிறார். நான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

திருமயத்தில் இருந்து ரமீஜாவைப் பெண் கேட்டு ஆள் வந்தார்கள். வீடு முழுசும் பெண்ணுக்குத்தானே என்று அந்த அம்மாள் கேட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்கள். மழை விடட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்னும் எத்தனை பேரிடம் மழையைக் காட்டுவது?

ரமீஜா ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பதால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிகிறது.

தாங்கள் சுகமா என்று கேட்டு எழுதுவது வழக்கம். எழுதியிருக்கிறேன்.

ஜொஹரா

*

786
பினாங்கு
5-1-1958

ஜொஹராவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

நான் நாற்பத்தொன்றில் கப்பல் ஏறினேன். வருஷம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நாலு வருஷம் ஊரிலிருந்து ஒரு வரி கிடையாது. கடை எரிந்துபோய், கடலோரத்தில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் தங்கினேன். அவர் தங்கை மரியம். இமாமை வைத்து முறையாக நிக்காஹ் செய்துகொண்டேன். நாற்பத்துநாலில் ஒரு பெண். வயது பதின்மூன்று. பெயர் ரஹீமா.

சண்டை முடிந்து ஊருக்கு வந்தபோது சொல்ல நினைத்தேன். நீ ஐந்து வயது ரமீஜாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து 'இதுதான் வாப்பா' என்று காட்டினாய். அப்புறம் எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்தொன்பதிலும் வரவில்லை. ஐம்பத்துமூன்றிலும் வரவில்லை.

மரியம் ஐம்பத்தாறில் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டாள். பிள்ளை பெரியம்மா வீட்டில் இருக்கிறது. பலகை வீடு. அங்கே ஏழு பிள்ளைகள். இவள் எட்டாவதாகப் படுக்கிறாள். தமிழ் கொஞ்சம் பேசுவாள், எழுதத் தெரியாது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எனக்கும் உடம்பு முன்னைப்போல் இல்லை. இரண்டு பெண்ணுக்கும் ஒரு கூரை போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். இதைக் கடிதத்தில் எழுதத் தைரியம் இல்லை. அதனால் தாளில் கோடாகப் போட்டேன். கொத்தனார் கட்டிவிடுவார், கட்டி முடித்த சுவரை நீ இடிக்கமாட்டாய் என்று நினைத்தேன். நீ கோடுகளையே படித்துவிட்டாய். மாடத்துக்கு அவளைத்தான் கதவோரம் நிறுத்தி அளந்தேன். அதுவும் உண்மை.

ஏப்ரலில் நாகப்பட்டினம் வருகிற கப்பலில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். மனை உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் கப்பல் இடத்தை விட்டுவிடுகிறேன். வரலாம் என்றால், நானும் கூட வரட்டுமா, யாராவது தெரிந்த குடும்பத்தோடு பிள்ளையை மட்டும் அனுப்பட்டுமா என்று எழுது. நீ என்ன சொன்னாலும் அதன்படி செய்கிறேன்.

ஜெகபர் அலி

*

786
கோட்டைப்பட்டினம்
20-2-1958
(விமானத் தபால்)

மச்சான் அவர்களுக்கு ஜொஹரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் ரமீஜாவும் உயிரோடு இருக்கிறோம். தாங்கள் உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வேறு, அது வேறு.

முதலில் கோபம். ஊரிலிருந்து ஒரு வரி இல்லை என்று எழுதினீர்கள். பினாங்கிலிருந்தும் எனக்கு ஒரு வரி இல்லை, மச்சான். அந்த நாலு வருஷமும் கைம்பெண்ணாக இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்று தெரியாமல் கைப்பிள்ளையோடு இருந்தேன். நான் யார் வீட்டிலும் போய்த் தங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் பத்தொன்பது நாள் பிள்ளைக்கு உங்கள் உம்மா பேரை வைக்கட்டுமா என்று ஆசையாக எழுதிக் கேட்டேன். வேறு பேர் வை என்று ஒரு வரியில் எழுதினீர்கள். தாய் பேரைச் சொல்லி அதட்ட மனசு வராது போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரஹீமா என்கிற அந்தப் பேர் ஏற்கெனவே அங்கே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. நிக்காஹ் செய்ததைக்கூட ஒருநாள் பொறுத்துப்போவேன். இதை எப்படிப் பொறுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை ரமீஜாவுக்கே படித்துக் காட்டிவிட்டேன். வீடு அவளுக்கு என்று சொல்லி வளர்த்தவள் நான், அவளிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனாள். மாடத்துக்கு முன்னால் முழங்காலை மடக்கி மடக்கி முகம் நேராகத் தெரிகிற வரைக்கும் இறங்கினாள். "இம்புட்டு உசரந்தானா உம்மா அந்தப் புள்ள?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சின்னப் புள்ளதானே" என்றாள். திருமயத்துக்காரர்களுக்கு வீடு பாதிதான் என்று சொல்லி அனுப்பச் சொன்னதும் அவள்தான். அவர்கள் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும்.

மழை விட்டு வேலை மறுபடியும் நடக்கிறது. உங்கள் பிளானில் நான் சிலவற்றை மாற்றிவிட்டேன். பிறகு வந்து கேள்வி கேட்கக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பலகைத் தரை இருக்கிறது. ஓரடி ஜன்னலும் இருக்கிறது. முருங்கையை மட்டும் ஒரு கிளை வெட்டச் சொன்னேன், கடல் இன்னும் கொஞ்சம் தெரியும்.

மேற்கு அடுப்பங்கரை இல்லை. புகைக்கூண்டை அடைத்து, மேடையை இடித்து, அங்கே விறகு அடுக்கியாகிவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். தனி அடுப்பு, தனிக் கொல்லைக் கதவு என்று இருந்தால் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்காமலே என்னால் இருந்துவிட முடியும். எனக்கு என்னைத் தெரியும். நீங்கள் போட்ட பிளான் அதற்குத்தான் வசதி. ஒரே அடுப்பு என்றால் பசித்தால் அவள் என் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். நானும் தட்டில் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நடுச்சுவரில் ஒரு கதவு வெட்டியிருக்கிறேன். தாழ்ப்பாள் அவள் பக்கம். தெரியாத ஊரில், தெரியாத மனிதர்களுக்கு நடுவே வருகிற பிள்ளைக்கு மூடிக்கொள்ள ஒரு கதவாவது வேண்டும்.

மாடத்தை மூன்று அங்குலம் ஏற்றி நாலடி ஆக்கிவிட்டேன். நீங்கள் அளந்து ஒரு வருஷம் ஆகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை வளராமல் அப்படியேவா நிற்கும்?

பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். ரமீஜாவும் ரஹீமாவும் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பார்கள். நான் ரமீஜாவோடு இருப்பேன். நீங்கள் முன்கட்டு அறையில் இருக்கலாம். அதை விட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள், நான் விடவில்லை, கட்டி முடித்துவிட்டேன். தெருப்பக்கம் கதவு இருக்கிறது. நாலு ஆண்கள் வந்து உட்கார்ந்து பேசலாம். வேளாவேளைக்குச் சோறு வந்துவிடும். ஆனால் அங்கிருந்து வீட்டுக்குள் வருகிற கதவை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டேன்.

கருப்பன் கரண்டியோடு கதவோரம் வந்தார். "ஆத்தா, சிமெண்டு கலவையில வைக்கவா, மண்ணுல வைக்கவா? சிமெண்டுல வச்சா பின்னாடி பேக்க முடியாது பாத்துக்கங்க" என்றார்.

மண்ணில் வைக்கச் சொன்னேன். எப்போது பேர்ப்பது என்று நான் சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.
ஜொஹரா